ஜெல்லிக்குள் ஒரு கேள்வி

திரையில் அந்த எழுத்துகள் தோன்றியபோது ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மருத்துவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் திரும்பினார். ஜெல்லிக் கட்டிக்குள் புதைத்திருந்த செயற்கை ரத்தக் குழாய்கள் தெரிய வேண்டிய இடத்தில், இருட்டுத் திரையில் சிவப்பாக இரண்டு சொற்கள் மின்னின.

கண் எங்கே?

அடுத்த நாள் காலை அவருடைய அறையில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து விசாரணை அதிகாரி. பொய்க் கணக்கு காட்டிய மேலதிகாரியையே பிடித்துக் கொடுத்துவிட்டு, நன்றி என்ற சொல்லைக்கூடக் கேட்காமல் வெளியே வந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். உதவியாளன் அவருடைய தங்கை மகன். ஆறடிக்கு மேல் வளர்ந்து, அகலத்தில் ஒன்றும் சேர்க்காததால் ஒட்டடை என்று பெயர். அவன் எல்லோர் முன்னாலும் 'பெரியம்மா, பெரியம்மா' என்று கூப்பிட்டே, காவல் நிலையத்தில்கூட அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும் மேடம். பிடிச்சுக் குடுங்க, அது போதும்," என்றார் இயக்குநர்.

"தெரிஞ்சவங்களைப் பிடிக்க போலீஸ் போதுமே சார். எங்க பெரியம்மா தெரியாதவங்களைப் பிடிக்கறவங்க," என்றான் ஒட்டடை.

இயக்குநர் அவனைச் சட்டையில் ஊர்ந்த பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பெரியம்மா பக்கம் திரும்பினார். "போன வருஷம் வரைக்கும் லேசர் பக்கத்தை ஒரு இன்ஜினியர் பார்த்துக்கிட்டான். இங்க எல்லாரும் 'வெளிச்சம்'னு கூப்பிடுவாங்க. கதவு திறந்தா லேசர் தானா நிக்கற மாதிரி ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்கு. வேலை சீக்கிரம் முடியணும்னு அன்னிக்குக் காலையில பெட்டிக்குள்ள ஒயரை மாத்தி அந்தப் பூட்டை ஏமாத்தியிருக்கான். கண்ணாடியும் போடல. ஒரு கண்ணு போச்சு. விசாரணை வெச்சோம், தப்பு அவன்மேலன்னு முடிவாச்சு, வேலையை விட்டு அனுப்பியாச்சு. இப்ப வஞ்சம் தீர்க்கறான்."

"கண்ணு தெரியாதவர் இவ்வளவு பொடி எழுத்தை எப்படி எழுதுவார்?"

"இன்னொரு கண்ணு இருக்கே. இல்லன்னா ஆள் வெச்சு எழுதியிருப்பான்."

"அவர் மனைவி இங்கதான் வேலை பார்க்கறாங்களாமே?"

"சத்தமா?" இயக்குநர் கையை உதறினார். கணவர் வெளிச்சம், மனைவி சத்தம். இருவரும் சேர்ந்துதான் அந்த இயந்திரத்தைக் கட்டினார்கள் என்பதால் ஆய்வுக்கூடம் வைத்த பெயர்கள். "அவ பாவம். விசாரணையில புருஷனுக்கு எதிரா வாக்குமூலம் குடுத்ததே அவதான். ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு. அவளைச் சந்தேகப்பட்டா என் வலது கையைச் சந்தேகப்படற மாதிரி. நாளைக்கு அந்த மருத்துவர் குழு மறுபடி வருது. இந்தத் தடவை ஜெல்லி கிடையாது, என் கையையே இயந்திரத்துல வைக்கப்போறேன். அதுக்குள்ள அவன் உள்ள இருக்கணும்."

அவருக்குப் பின்னால் இரும்பு பீரோ. கதவு முழுக்க அவர் விருது வாங்கும் படங்கள், கை குலுக்கும் படங்கள், மாலையோடு நிற்கும் படங்கள். ஒவ்வொன்றையும் இலை வடிவக் காந்தம் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது.

"சார் மரம் நிறைய வெச்சிருக்கார்," என்று வெளியே வந்ததும் சொன்னான் ஒட்டடை. "எல்லாக் கிளையிலயும் அவரே காய்ச்சிருக்கார்."

லேசர் அறையின் வாசலில் சத்தம் அவர்களுக்குப் பச்சை நிறப் பாதுகாப்புக் கண்ணாடிகளைக் கொடுத்தாள். முப்பதுகளின் முடிவில் இருப்பவள். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியதை அழுந்தத் துடைத்த பலகைபோல இருந்தது.

உள்ளே, கதவையடுத்துக் கனமான கறுப்புத் திரை தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு போனால் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே இரும்புக் கையில் பிடித்த ஸ்கேன் கருவி, கருவியின் இரு பக்கமும் கண்ணாடி இழைக் கற்றைகள்.

"வயித்துல ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பாங்களே, பார்த்திருப்பீங்க," என்றாள். "சத்தத்தை உள்ள அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் படம் போடறது. அதுல உறுப்போட உருவம் தெரியும். ஆனா சின்னச் சின்ன ரத்தக் குழாய் எங்க இருக்கு, அந்த ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கான்னு தெரியாது. அதுக்குத்தான் லேசர். கண் இமைக்கறதுக்குள்ள ஒரு வெட்டு வெளிச்சம் உள்ள போகும். ரத்தம் அதைக் குடிச்சு, துளி சூடாகி, துளி விரியும். விரியறப்போ ஒரு சத்தம் வரும். அதையும் இதே கருவி கேக்கும். ரெண்டு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா, புத்துநோய்க் கட்டி எங்க ரத்தம் குடிச்சு வளருதுன்னு பார்க்கலாம்."

"அதாவது, வெளிச்சம் பட்டா ரத்தம் கத்தும். காலையில எங்கம்மா ஜன்னலைத் திறக்கறப்போ நான் கத்தற மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. "கேட்க சுலபம். கட்டறதுதான் கஷ்டம். கருவியோட முகமே வெளிச்சத்தைக் குடிச்சுட்டு முதல்ல கத்திடும். அந்தக் கூச்சல்ல மத்த எதுவும் கேக்காது. அதை அடக்கவே எங்களுக்கு மாசக்கணக்காச்சு."

எங்களுக்கு என்றவள் அந்தச் சொல்லை விழுங்க முயன்றதைப் பெரியம்மா கவனித்தார்.

"அந்தப் பாதுகாப்புப் பூட்டு எங்க இருக்கு?"

"கதவுச் சட்டத்துக்குள்ள எங்கயோ பதிச்சிருக்காங்க. தெரிஞ்சா யாராவது ஏமாத்துவாங்கன்னு, பொருத்தின கம்பெனிக்காரங்க இடத்தைச் சொல்லல. கதவு திறந்தா லேசர் நிக்கும், எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். நின்னுட்டா திரும்பச் சூடாகித் தயாராக நேரம் எடுக்கும். இயக்குநருக்கு அது பிடிக்காது, அடிக்கடி உள்ள வந்துபோவார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தாள்: "விபத்து வரைக்கும் பிடிக்காம இருந்தது."

ஒட்டடை அதற்குள் திரையின் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியம்மா, இந்த பெயின்ட்காரன் பெரிய கலைஞன். சட்டம் பூராவும் வெள்ளை அடிச்சிருக்கான். திரைக்குப் பின்னால ஒரு மூலையில மட்டும் பழைய நீலத்தை விட்டு ஒரு இலை வரைஞ்சு வெச்சிருக்கான்."

பெரியம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "வாடா. ஜெல்லியைப் பார்க்கலாம்."

ஜெல்லி செய்பவர் ஒரு வேதியியல்காரர். கேட்பதற்கு முன்பே, தான் செய்யவில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். மேசைமேல் அந்தக் கட்டி, சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக, பால் நிறத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

"பாருங்க மேடம், நடுவுல ஒரு கோடு. யாரோ அச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு வெச்சுப் பாதி ஊத்தி, உறைஞ்சதும் அதுமேல மையில எழுதி, மீதிப் பாதியை ஊத்தியிருக்காங்க. அப்புறம் நிமித்தி வெச்சு, என் கட்டியை எடுத்துட்டு இதை வெச்சுட்டாங்க. நான் இப்படி ஊத்தவே மாட்டேன். எனக்கு எழுதவும் வராது, என் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர்கூடத் திருப்பி அனுப்புவார்."

"சாதாரண ஸ்கேன்ல இந்த எழுத்து தெரியாதா?"

"தெரியாது. மை ஜெல்லியோட ஒட்டிப்போச்சு, எதிரொலியே வராது. வெளிச்சம் பட்டாத்தான் கத்தும்."

பெரியம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியில் வரிசையாக இருந்த மற்ற ஜெல்லிக் கட்டிகளைப் பார்த்தார். "உங்க கட்டியில எல்லாம் நூல் படுத்தே கிடக்கு. ஒண்ணுகூட நிக்கலையே, ஏன்?"

"நிமிர்ந்து நிக்கற கோடு இதுல சரியாத் தெரியாது மேடம். அதோட சத்தம் பக்கவாட்டுல போயிடும், மேல இருக்கற கருவிக்குக் கேக்காது. புள்ளியாத் துண்டு போட்டா மட்டும் கேக்கும். அதெல்லாம் எனக்கெங்க தெரியும், சத்தம் சொல்லிக் குடுத்தாங்க."

பெரியம்மா பூதக்கண்ணாடியை ஒட்டடையிடம் நீட்டினார். அவன் குனிந்து பார்த்தான். 'கண் எங்கே' என்ற எழுத்துகளில் படுத்த கோடுகள் எல்லாம் முழுக் கோடுகள். நின்ற கோடுகள் மட்டும் வரிசையாக வைத்த புள்ளிகள்.

"எழுதினவங்களுக்கு," என்றார் பெரியம்மா மெல்ல, "இந்தக் கருவியோட காது எந்தப் பக்கம் மந்தம்னு தெரிஞ்சிருக்கு."

ஒட்டடை நிமிர்ந்தான். "இயக்குநரோட வலது கை," என்றான்.

பெரியம்மா வேதியியல்காரரிடம் சாதாரணமாகக் கேட்டார். "லேசர் அறைக்கு வெள்ளை அடிச்சது எப்போ?"

"அந்த விபத்துக்கு முந்தின வாரம். விபத்தன்னிக்கு அறையில பெயின்ட் வாசம்கூட போகல. ஏன் மேடம்?"

"வாசம் நல்லா இருக்கேன்னு கேக்கறாங்க," என்றான் ஒட்டடை, ஒரு வருடப் பழைய சுவரை முகர்ந்துகொண்டே.

மாலையில் சத்தத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சங்கிலி மாட்டிய கதவு ஒரு கை அளவு திறந்தது.

"என்ன வேணும்? நான் தனியா இருக்கேன்."

"தனியா இருக்கறவங்க வீட்டுல மேசை முனைக்கெல்லாம் துணி சுத்தியிருக்கே," என்றார் பெரியம்மா, இடுக்கு வழியே பார்த்தபடி. "இடிச்சுக்கறது யாரும்மா?"

உள்ளேயிருந்து ஆண் குரல் வந்தது. "திறந்து விடு. எவ்வளவு நாள்தான் நான் அலமாரிக்குள்ள இருக்கற சட்டை மாதிரி இருக்கறது?"

வெளிச்சம் என்று அழைக்கப்பட்டவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். "ஒருத்தர் குட்டை, ஒருத்தர் ரொம்ப நெட்டை. சரியா?"

"சார், ஒரு கண்ணுதானே போச்சுன்னு சொன்னாங்க?" என்றான் ஒட்டடை. முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

"நல்ல கண்ணு போச்சு தம்பி. இன்னொண்ணு பிறந்ததிலேர்ந்தே சோம்பேறி. அதுக்கு வெளிச்சம் இருட்டு தெரியும், ஆள் நிக்கறது தெரியும். முகம் தெரியாது. விசாரணையில எழுதினவங்களுக்கு அதெல்லாம் முக்கியமாப் படல."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் பெரியம்மா.

"கதவைத் திறந்து வெச்சுட்டு, கண்ணாடியைக் கழற்றிட்டு, இழையைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். கதவு திறந்திருந்தா லேசர் ஓடாது, அந்த நம்பிக்கை. வெளி மேசையில இயக்குநர் யாரோ விருந்தாளிக்கு இயந்திரத்தைக் காட்டறேன்னு பொத்தானை அமுக்கினார். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா கண்ணுக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு." அவர் நிறுத்தினார். "என் கண்ணு கத்தினதை நானே கேட்டேன்."

அவர் கண்ணைக் கசக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"பூட்டு எப்படி வேலை செய்யாம போச்சுன்னு தெரியல. அடுத்த நாள் பார்த்தா நல்லா வேலை செய்யுது. நான் பொய் சொல்றேன்னு ஆயிடுச்சு."

"நீயும் கையெழுத்துப் போட்டே," என்று பெரியம்மா சத்தம் பக்கம் திரும்பினார்.

"போடலன்னா என்னையும் அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க. வெளிய இருந்து என்ன கிழிக்க முடியும்? பிரிஞ்சுட்டோம்னு சொல்லி உள்ள இருந்தேன். தினமும் இயக்குநருக்கு வணக்கம் சொன்னேன். அவர் சிரிச்சா சிரிச்சேன். ராத்திரி வந்து இவருக்குச் சாப்பாடு போட்டேன்." அவள் குரல் உயரவில்லை, தாழ்ந்துகொண்டே போனது. "அவரோட ஒவ்வொரு விருதுக்கும் நான்தான் கை தட்டினேன் மேடம். முதல் ஆளா."

"ஜெல்லியில எழுதினது?"

"வெளியாளு ஒருத்தர் வந்து தோண்டணும்னு எழுதினேன். வந்துட்டீங்க. ஆனா அவரு கூப்பிட்ட ஆளா வந்துட்டீங்க."

பெரியம்மா நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு அவர் தன் கையை வைக்கப்போறார். அப்ப என்ன நடக்கப்போகுது?"

அவள் மேசை முனையிலிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள்.

"என்ன நடக்கப்போகுது?" என்று கணவரும் கேட்டார். அவருக்கும் தெரியாது என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

சத்தம் எழுந்து போய், கைப்பையிலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பார்க்க அவரோடது மாதிரியே இருக்கும். ஆனா வேற லேசருக்கானது. நம்ம லேசர் இதுக்குள்ள தண்ணி மாதிரி போகும். கையை வெச்சுட்டு, படம் வருதான்னு எப்பவும் குனிஞ்சு பார்ப்பார். பளபளன்னு ஒரு இரும்புத் துண்டு பக்கத்துல இருந்தா போதும்."

"அடிப்பாவி," என்று முணுமுணுத்தார் கணவர்.

"உங்களுக்குக் கேட்ட சத்தம் அவருக்கும் கேக்கட்டும்."

ஒட்டடை பெரியம்மாவைப் பார்த்தான். அறிவுரை வரும் என்று எதிர்பார்த்தான். பெரியம்மா கண்ணாடியை எடுத்துத் தன் பையில் போட்டு, பையை மூடினார்.

"தப்பு, பாவம்னு சொல்ல நான் வரல," என்றார். "கணக்குத் தப்புன்னு சொல்ல வந்தேன். நாளைக்கு அவர் கண்ணு போனா, அவர் தியாகி. நீ கொலைகாரி மாதிரி. உன் புருஷன் பேரைச் சொல்லி, குடும்பமே இப்படித்தான்னு பேசுவாங்க. மிச்ச ஆயுசு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு மேடை ஏறி அனுதாபம் வாங்குவார். அவருக்கு அந்தச் சந்தோஷத்தை நீ ஏன் குடுக்கணும்?"

"அப்ப எனக்கு என்னதான் இருக்கு? ஆதாரம் இருக்கா? ஒரு வருஷமாத் தேடறேன்!"

"ஆதாரம் உன் தலைக்கு மேல இருந்துச்சு. உனக்கு உயரம் பத்தல. சொல்லுடா."

ஒட்டடை நீல நிற இலையைப் பற்றிச் சொன்னான். பீரோவிலிருந்த காந்த இலைகளைப் பற்றியும். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் கை தானாகவே வாயைப் பொத்தியது.

"காந்தம்," என்றார் கணவர். "பூட்டுக்குள்ள காந்த உணரி. ஒரு காந்தத்தைப் பக்கத்துல ஒட்டிட்டா, கதவு மூடியே இருக்கறதா நினைச்சுக்கும்!"

"பெயின்ட் அடிக்க வந்தவன் அதை எடுக்கல. சுத்தி அடிச்சுட்டுப் போயிட்டான். அப்ப விபத்துக்கு முந்தின வாரமே அந்தக் காந்தம் அங்க இருந்திருக்கு. அன்னிக்குக் காலையில நீங்க ஒயரை மாத்தினீங்கங்கறது பொய். விபத்துக்கு அப்புறம் ஒருத்தர் அதை எடுத்துட்டுப் போய், எங்கேர்ந்து கொண்டுவந்தாரோ அங்கயே மறுபடி ஒட்டிட்டார். இலையை இலையோட சேர்த்துட்டா யாருக்குத் தெரியும்?"

கணவர் பெரியம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "எனக்கு அவர் கண்ணு வேணாம். அவர் வாயிலேர்ந்து வரணும். எல்லார் முன்னாலயும்."

"வரும்," என்றார் பெரியம்மா. "அவரே மேல பார்ப்பார்."

மறுநாள் காலை இயக்குநர் தன் அறைக்குள் நுழைந்தபோது, அவர் மாலையோடு நின்ற படம் ஒன்று தரையில் கிடந்தது. அதைப் பிடித்திருந்த இலையைக் காணோம். பீரோவுக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, குழு வந்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டார்.

லேசர் அறையில் எல்லோரும் பச்சைக் கண்ணாடியோடு நின்றார்கள். குழுத் தலைவி ஒரு மூத்த அறுவை மருத்துவர், சுருக்கமாகப் பேசுபவர். "போன வருஷ விபத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன். நோயாளிகளை இதுக்குக் கீழ படுக்க வைக்கப்போறோம். பாதுகாப்பு எப்படி?"

"நூத்துக்கு நூறு மேடம். கதவு திறந்தா லேசர் நின்னுடும். உணரி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது, அவ்வளவு ரகசியமாப் பதிச்சிருக்கு. அந்த ஊழியர் பெட்டியில ஒயரையே மாத்தினதால வந்த வினை அது."

"டாக்டரம்மா, நான் சார் அமர்த்தின துப்பறியும் ஆள்," என்று பெரியம்மா முன்னால் வந்தார். "ஜெல்லியில எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. சொல்றதுக்கு முன்னால ஒரு சின்னச் சோதனை." அவர் கதவை அகலத் திறந்து, அதில் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். "இப்ப கதவு திறந்திருக்கு. லேசர் ஓடாது. சரிதானே சார்?"

"ஓடவே ஓடாது."

"அப்ப உங்க கண்ணாடியைக் கழற்றிட்டு, அந்த இழைக்குப் பக்கத்துல குனிஞ்சு நில்லுங்க. அன்னிக்கு அவர் நின்ன மாதிரி. நாங்க எல்லாரும் கண்ணாடியோட சுவர் ஓரமா நிக்கறோம்."

இயக்குநர் சிரித்தார். கை கண்ணாடிக்குப் போனது. அப்போதுதான் திறந்த கதவு வழியே அவர் வெளி மேசையைப் பார்த்தார். அங்கே சத்தம் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் பொத்தானின்மேல் இருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டும்போது பார்க்கும் அதே முகம்.

"பொத்தானை அமுக்கட்டுமா சார்?" என்றாள்.

கை கண்ணாடியிலேயே நின்றது.

"ஓடாதுன்னு சொன்னீங்களே," என்றார் குழுத் தலைவி.

"இல்ல... ஒரு நிமிஷம்." இயக்குநர் நகர்ந்தார். இழையைப் பார்க்கவில்லை, ஒயர்ப் பெட்டியைப் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்குப் போனார். கறுப்புத் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, சட்டத்தின் மேல் மூலையை அண்ணாந்து பார்த்தார். வெள்ளைச் சட்டத்தில், நீல இலை இருந்த இடத்தில், ஒரு காந்த இலை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அமுக்காதே!" என்று அலறினார். "கையை எடு! யாருடா இதை மறுபடி இங்க வெச்சது?"

அவர் குரல் அடங்கிய பிறகு, தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மறுபடியா?" என்றார் குழுத் தலைவி.

ஒட்டடை எட்டி, சிரமமே இல்லாமல் காந்தத்தை எடுத்துத் தலைவியின் உள்ளங்கையில் வைத்தான். "ஓரத்துல பாருங்க டாக்டரம்மா. வெள்ளை பெயின்ட். சார் பீரோவுல படம் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. சட்டத்துல இருக்கற நீல இலைமேல வெச்சுப் பார்த்தா, தைச்ச சட்டை மாதிரி பொருந்தும். வெள்ளை அடிச்சது விபத்துக்கு முந்தின வாரம்."

"உணரி எங்க இருக்குன்னு தனக்கே தெரியாதுன்னு சொன்னவர்," என்றார் பெரியம்மா, "நேரா அந்த இடத்துக்கே போனார். நாங்க யாரும் கை காட்டலயே?"

இயக்குநர் வாயைத் திறந்தார், மூடினார். "உணரியைப் பதிக்கறப்போ பார்த்து வெச்சேன். லேசர் ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு... வேலை நடக்க வேணாமா? நான் வேணும்னு செய்யல. அவன் உள்ள இருக்கறது எனக்கு..."

"தெரியாது. சரி. ஆனா அடுத்த நாள் அவர்மேல பழி போட்டது தெரிஞ்சே செஞ்சதுதானே?" என்றார் பெரியம்மா.

"அந்தப் பொத்தானை முதல்ல..."

"பயப்படாதீங்க சார்." ஒட்டடை சட்டைப் பையிலிருந்து லேசரின் சாவியை எடுத்துக் காட்டினான். "காலையிலேர்ந்து இது என் பையிலதான். லேசர் தூங்குது. ஓடினது நீங்க மட்டும்தான்."

"எழுதினது யாருன்னு கேட்டீங்களே," என்றார் பெரியம்மா. "உங்க வலது கை. எங்க வேலை முடிஞ்சுது."

குழுத் தலைவி தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "காவல் துறைக்குச் சொல்லுங்க," என்று பின்னால் நின்றவரிடம் சொன்னார். "இந்த இயந்திரத்துல யார் பேர் இருக்கணும்னு அப்புறம் பேசிக்கலாம். இவர் பேர் இருக்காது."

சத்தம் வெளி மேசையிலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றாள். இயக்குநர் அவளைப் பார்த்தார். மாலைகளுக்கும் மேடைகளுக்கும் பழகிய அந்தக் குரல் பிசிறடித்தது. "உன் வீட்டுக்காரரைத் திரும்ப எடுத்துக்கறேன். வைத்தியம் பார்க்க வைக்கறேன். மன்னிச்சுடும்மா."

"மன்னிக்கறதுக்கு நான் இவ்வளவு நாள் இங்க இருக்கல சார்," என்றாள். "பார்க்கறதுக்கு இருந்தேன்."

அவரைக் கூட்டிக்கொண்டு போகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. தாழ்வாரத்தின் முனை வரைக்கும் பார்த்தாள். அவர் ஒரு தடவை திரும்பியபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளை வீட்டில் விடப் பெரியம்மாதான் கார் ஓட்டினார். ஒட்டடை பின்னால் காலை மடக்கிக்கொண்டு, நகைச்சுவை எதுவும் கைவசம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். செய்தியைப் பெரியம்மா முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. இயந்திரத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

மனைவியின் கையைத் தேடிப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். "அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

அவள் சொன்னாள். கண்ணாடியைத் தொட்ட கை அப்படியே நின்றது, வாய் திறந்து மூடியது, நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது, பச்சைக் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் மிரண்டு சுற்றியது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்து, மூச்சுகூட விடாமல் கேட்டார்.

முடிந்தது என்று நினைத்துப் பெரியம்மா எழுந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் அவர் மனைவியிடம். "மெதுவா. எதையும் விட்டுடாதே."

அவள் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.